ரீகன் ஏன் ஆடவில்லை

ஆகஸ்ட் 3, சனி

பிரிண்டர் மை விற்கும் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து மேஜைக்குள் சும்மா கிடந்தது. ஏழு மாதத் தாள் வீண். இன்றைக்கு வெளியே எடுத்துவிட்டேன். யாரிடமாவது பேசவேண்டும் போலிருக்கிறது, பேசினால் வம்பு, அதனால் எழுதுகிறேன்.

இன்று பக்கிங்காம் எஃப்.சி.க்கு முதல் லீக் ஃபுட்பால் மேட்ச். கொருக்குப்பேட்டையிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆள் போனோம். எல்லாம் ரீகனுக்காகத்தான். எங்கள் பேட்டையிலிருந்து பெரிய கிளப்புக்குப் போன முதல் ஆள் அவன். இருபத்துமூன்று வயது, இடது விங்கில் ஆடுவான். ஜூன் மாதம் கையெழுத்துப் போட்டபோது இருபதுக்குப் பத்து சைஸில் ஃப்ளெக்ஸ் அடித்து ரயில்வே கேட் பக்கத்தில் கட்டியது நான்தான். என் கடையே ஃப்ளெக்ஸ் கடைதான், நான் கட்டாமல் வேறு யார் கட்டுவது?

தொண்ணூறு நிமிடமும் பெஞ்சிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். திரும்பும் வழியெல்லாம் ஆட்டோ ஜான்பாஷா கத்திக்கொண்டே வந்தான். அவன்தான் எங்கள் ரசிகர் குழுவுக்குத் தலைவன். "எதுக்குபா சைன் பண்ணானுங்க, தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கவா?"

ஜூலையில் ரீகனுக்கு முட்டியில் லேசாக ஒரு பிடிப்பு இருந்தது. அது சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்று அவனே சொன்னான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையிலிருந்து கடையில் வேலையைவிட விவாதம்தான் அதிகம். ஒரு மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸ், இரண்டு கண்ணீர் அஞ்சலி. ஒரு அஞ்சலியில் இறந்தவருக்குப் பதிலாக அவர் தம்பி படத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்லவேளை, அடிப்பதற்கு முன்னால் தெரிந்தது.

ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற வரதராஜுலு சார் தினமும் பேப்பர் படிக்க என் கடைக்கு வருவார். பக்கிங்காமின் ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் குறித்துவைப்பவர். அவர் கட்சி வேறு. "புது பையன். கோச் நிதானமா எறக்குவாரு. மூணு மேட்ச் பொறுங்கப்பா." ஜான்பாஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், பிரியாணிய ஆறவெச்சு எவனாவது துன்னுவானா?" என்றான். டீக்கடை ஆட்களும் உள்ளே வந்துவிட்டார்கள். ஓட்டம் பத்தாது என்றான் ஒருத்தன். அவன் பந்தைத் தொலைத்தால் திரும்பி ஓடிவந்து பிடிக்கமாட்டான், அதுதான் காரணம் என்றான் இன்னொருத்தன். ஏஜெண்டுக்கும் கிளப்புக்கும் தகராறு என்றான் மூன்றாமவன், அவனுக்கு ஏஜெண்ட் என்றால் என்னவென்றே தெரியாது.

அப்புறம் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "டில்லி, உங்கிட்டதான் அவன் எல்லாத்தையும் சொல்லுவான். இன்னா மேட்டரு?"

மிஷினில் மை அடைத்துக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, "அத்த கோச்சத்தான் கேக்கணும்," என்றேன்.

ஆகஸ்ட் 10, சனி

டிரா. ரீகன் ஆடவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கடைக்கு லீவு. ஆனாலும் பதினொரு மணிக்குப் போய்ப் பின்கதவைத் திறந்துவைத்தேன். ரீகன் சந்துப் பக்கமாக வந்தான். ஃப்ளெக்ஸ் ரோல் மேல் உட்காரவைத்து, மீன் கடையில் வாங்கிய ஐஸைத் துண்டில் சுற்றி வலது முட்டியில் வைத்தேன். நான்கு வாரம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு பக்கம் உப்பித்தான் இருக்கிறது. படி இறங்கும்போது முட்டி தனியாகக் கழன்று போகிற மாதிரி இருக்கிறது என்கிறான்.

"கோச் கேட்டாரா?"

"கேட்டாருண்ணா. தசை புடிச்சிக்கிச்சுன்னு சொன்னேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சரி, உக்காருன்னாரு."

நடந்தது இவ்வளவுதான். என் தம்பி சசி நான்கு வருடத்துக்கு முன்னால் பைக் விபத்தில் போய்விட்டான். அவனும் ரீகனும் ஒரே டீமில் ஆடினவர்கள். எங்கள் பக்கத்தில் ஆட்டக்காரன் எவன் செத்தாலும் அவன் பெயரில் வருடா வருடம் டோர்னமெண்ட் நடத்துவோம். கடைசியில் நண்பர்கள் ஒரு அரைமணி நேரம் ஆடுவார்கள், செத்தவனின் அம்மா கோப்பை கொடுப்பாள். அந்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. ஜூலை 14, சசி ஆட்டத்தன்று, ரீகன் மட்டும் மாட்டேன் என்றான். "வெளி மேட்ச் ஆடக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதிருக்குண்ணா. ஆடி மாட்டுனா கிழிச்சிப் போட்ருவாங்க." பத்து நிமிடம் போதும், அம்மா பார்க்கணும் என்று ஆசைப்படுகிறாள் என்றேன். அம்மா அப்படியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை.

இறங்கினான். எட்டாவது நிமிடம் அவன் கால் மண்ணில் மடங்கிக்கொண்டது. யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அவனே எழுந்து நடந்து வெளியே போனான், எல்லோரும் கைதட்டினோம்.

ஆகஸ்ட் 17, சனி

மூன்றாவது மேட்ச். தோல்வி. ரீகன் பெஞ்ச்.

வாட்ஸ்ஆப் குழுவில் முந்நூறு செய்தி. ஜான்பாஷா கேட்டிருந்தான், "டில்லி ஏன் வாய மூடிக்கினு இருக்கான்?" பதில் போடாவிட்டால் சந்தேகப்படுவார்கள். கோச் தாமோதரன் எந்த ஊர், இடது விங்கில் இப்போது ஆடுகிறவன் எந்த ஊர், பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். இரண்டு பேரும் கோயம்புத்தூர். பொய் இல்லை, உண்மையைத்தான் எழுதினேன்.

பத்து நிமிடத்தில் குழு பற்றிக்கொண்டது. கோயம்புத்தூர்க்காரன் நம்ம ஆளை அமுக்குகிறான் என்று எல்லோரும் ஆரம்பித்துவிட்டார்கள். வரதராஜுலு சார் மட்டும், போன வருடம் இதே கோச் மூன்று வடசென்னைப் பையன்களைக் கிளப்பின் சின்ன டீமில் ஆடவைத்தார் என்று தேதியோடு எழுதினார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

என் மனைவி கஸ்தூரி போனை வாங்கிப் படித்தாள். "இத நீ எழுதியிருக்க வாணாம்," என்றாள். உனக்கு ஃபுட்பாலைப் பற்றி என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அவள் படுக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கடை திறந்து அரைமணி நேரம் இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தொப்பி இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"நீங்கதானுங்களா டில்லிபாபு?"

கோச் தாமோதரன். ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சசி நினைவுக் கோப்பைக்கு நானே அடித்த ஃப்ளெக்ஸ். கீழ் வரிசையில் ரீகன் படம், பக்கத்தில் ஜூலை 14 என்று தேதி. எவனோ முகநூலில் போட்டிருக்கிறான்.

"பதினாறாம் தேதி காத்தால பையன் முட்டிக்கு டேப் ஒட்டிட்டு வந்தானுங்க. எனக்கு அன்னைக்கே தெரியும். நான் எங்கயும் எழுதல. எழுதுனா மேல இருக்கறவங்க ஒரே நாள்ல அனுப்பிச்சிருவாங்க."

நான் மிஷினை நிறுத்தினேன்.

"தசைநார் கொஞ்சம் கிழிஞ்சிருக்கோணும். முழுசா அறுந்திருந்தா நடக்கவே முடியாது. இன்னும் ஆறு வாரம் ஓடாம இருந்து, அப்பறம் கால பலப்படுத்துனா, கடைசி நாலு மேட்ச் ஆட வெச்சிருவேன். இப்ப ஓடுனா அந்தக் கால் போயிரும். அதுக்கப்பறம் அவன் ஆட்டோதான் ஓட்டோணும்." ஆட்டோ ஓட்டுவது கேவலம் இல்லை என்றும் உடனே சொன்னார். "ஆறு வாரத்துக்கு உங்க ஆளுங்கள மட்டும் கொஞ்சம் அமைதியா வெச்சுக்கங்க. அவ்வளவுதானுங்க நான் கேக்கறது."

போகும்போது, வாட்ஸ்ஆப்பில் என்ன எழுதினார்கள் என்று தனக்கும் வந்தது என்றார். யார் எழுதினார்கள் என்று கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் போன பிறகு ஒரு மணி நேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

முயற்சி செய்தேன். டீக்கடையில் வைத்து, "பாவம்பா கோச், அவருக்கும் ஏதாவது காரணம் இருக்கும்," என்றேன்.

ஜான்பாஷா டம்ளரைக் கீழே வைத்தான். "இன்னா காரணம், சொல்லு."

சொல்ல என்ன இருக்கிறது? சொன்னால் இவன் வாயிலிருந்து மாலைக்குள் கிளப் வரைக்கும் போய்விடும், ரீகன் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் அந்த மனிதரைக் கிழிப்பார்கள். "பொதுவா சொன்னேன்," என்றேன்.

"போன வாரம் கோயம்புத்தூர்னு நீதான் எழுதுன. இந்த வாரம் பாவம்னுற. ஸ்கூட்டர்ல வந்து இன்னா குடுத்துட்டுப் போனான் அவன்?"

வந்ததைப் பார்த்திருக்கிறார்கள். கிளப்புக்கு மைதான போர்டு அடிக்க ஆர்டர் கொடுக்க வந்தார் என்று புளுகினேன். மற்றவர்கள் சிரித்தார்கள், ஜான்பாஷா சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

ஜெயித்தோம். ஆனாலும் யாருக்கும் சந்தோஷம் இல்லை. ரீகன் இல்லாமல் ஜெயித்தது இன்னும் குற்றமாகிவிட்டது.

ஆகஸ்ட் 28, புதன்

பிள்ளையார் சதுர்த்தி ஆர்டர் குவிகிறது. தெருவுக்கு ஒரு பிள்ளையார், பிள்ளையாருக்கு நாற்பது பேர் முகம். அதற்கு நடுவில் ஜான்பாஷா ஏழெட்டுப் பேரோடு வந்தான்.

"முப்பதுக்கு ஆறு. செவப்புல அடி. 'தாமோதரனே வெளியேறு, ரீகனை ஆடவிடு'. சனிக்கிழமைக்கு வோணும்."

மிஷின் ஃபுல் என்றேன். பிள்ளையாரைத் தள்ளிவை என்றான். மை தீர்ந்துவிட்டது என்றேன். அவன் மிஷினிடம் போய் மூடியைத் திறந்து பார்த்தான், சிவப்பு முக்கால்வாசி இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடித்தேன். அடித்து, ஓரம் மடித்து, கயிறு கட்ட வளையம் குத்திக் கொடுத்தேன். தா, மோ, த என்று ஒவ்வொரு எழுத்தாக மிஷினிலிருந்து வெளியே வந்தது. நிறுத்தும் பட்டன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் நான் அடிக்காவிட்டால் தண்டையார்பேட்டையில் அடித்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 31, சனி

பேனர் கட்டினார்கள். யூடியூபில் காட்டினார்கள். நான் உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

தாமோதரனை எடுத்துவிட்டார்கள். ரசிகர்களின் உணர்வுக்கு மதிப்பளித்து என்று கிளப் அறிக்கை விட்டிருக்கிறது. சின்ன டீம் கோச் பெஞ்சமின் பொறுப்பேற்கிறார். வருகிற சனி சதுர்த்தி, மேட்ச் இல்லை. பதினான்காம் தேதி ரீகன் முதல் பதினொன்றில் இறங்குவான் என்று அறிக்கையிலேயே போட்டுவிட்டார்கள்.

தெருவில் ஆயிரம் வாலா. ஜான்பாஷா கடைக்கே வந்து எனக்கு லட்டு ஊட்டினான். "உன் பேனர்தாண்டா வேலைய முடிச்சிது," என்றான். நான் லட்டை மென்று விழுங்கினேன்.

செப்டம்பர் 4, புதன்

ரீகன் பின்கதவு வழியாக வந்தான். ஐஸ் வேண்டாம் என்றான். வலி மாத்திரை போட்டால் ஒன்றும் தெரியவில்லையாம்.

"பெஞ்சமின் சார்கிட்ட சொல்லிடு. நானும் கூட வரேன்," என்றேன்.

"சொன்னா இன்னாகும்ணா?"

"காலு நிக்கும்."

"ஒப்பந்தம் நிக்குமா?"

வாங்கிவைத்திருந்த ஐஸை வாளியில் கொட்டினேன்.

"ஒரு மேட்ச். ஒரே ஒரு மேட்ச் ஆடிட்டன்னா, ரீகன் பக்கிங்காமுக்கு ஆடுனவன்னு பேரு நிக்கும். எங்கம்மா பாப்பாங்க. அப்புறம் இன்னா ஆனாலும் சரி." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நீ எதுவும் சொல்லாத. இதுவரைக்கும் நீ செஞ்சதே போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

செப்டம்பர் 7, சனி

தெருமுனைப் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வைத்துவிட்டு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரீகன் இனிமே ஆடுவானாமே. அன்னிக்கு உன்னத் தாண்டிப் போனான் பாரு, அப்பிடியே சசி மாதிரி. எனக்குச் சிரிப்பு அடங்கல."

ஆமாம், சிரித்தாள். அன்றைக்கு மைதானமே சிரித்தது. ஏழாவது நிமிடம் ரீகன் பந்தை என் இரண்டு காலுக்கும் நடுவில் தட்டிவிட்டுப் போனான். சசியும் அப்படித்தான் செய்வான், எத்தனை பேர் பார்த்தாலும் செய்வான். முப்பத்தெட்டு வயதில், தொப்பையோடு, தம்பி பெயரில் நானே நடத்துகிற மேட்ச்சில், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அடுத்த தடவை அவன் பந்தோடு வந்தபோது நான் பந்தைப் பார்க்கவில்லை.

பின்பக்கமிருந்து போனேன். அவன் கால் மண்ணில் தானாக மடங்கவில்லை.

இதைக் கஸ்தூரியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

ஜான்பாஷாவின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, ஓட்டச் சொன்னேன். சுண்ணாம்புக் கால்வாய் தாண்டி நிறுத்தச் சொல்லி எல்லாவற்றையும் கொட்டினேன். சசி மேட்ச், முட்டி, தாமோதரன் கடைக்கு வந்தது, அவர் ஏன் ஆடவைக்கவில்லை என்பது. என் கால் பட்டதை மட்டும் விட்டுவிட்டேன்.

அவன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தாளு எவ்ளோ குடுத்தான்?"

"ஜானு, அம்மா மேல சத்தியமா."

"நேத்து பிராக்டீஸ்ல பாத்துட்டு வந்தேன். பையன் ஓடுறான், சிரிக்கிறான். இப்பதான் நம்ம ஆளு எறங்கப் போறான், அது உனுக்குப் பொறுக்கல. உன் தம்பி போயிட்டான், இவன் மட்டும் மேல வர்றான். அதான உன் பேஜாரு?"

எனக்குச் சுரீரென்றது, அதில் பாதி உண்மை என்பதால். இறங்கு என்றான். இறங்கி நடந்தே வந்தேன். வீடு சேர்வதற்குள் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள்.

செப்டம்பர் 14, சனி

காலையில் கஸ்தூரியிடம் சொன்னேன். முழுவதும். அவள் தோசைக்கரண்டியோடு நின்று கேட்டாள். "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? மேட்ச் எத்தினி மணிக்கி?" என்றாள்.

மூன்றரைக்கு. இரண்டரைக்கே போய்விட்டேன். விளம்பர போர்டு ஒட்டுகிறவன் என்று கேட்டில் சொன்னேன், கையில் டேப்பும் கத்தரியும் இருந்ததால் விட்டுவிட்டார்கள். உடை மாற்றும் அறைக் கதவு திறந்தே இருந்தது. ஆட்டக்காரர்கள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சமின் சார் கையில் பட்டியலோடு நின்றார். வெளியே எங்கள் ஆட்கள் மேளத்தோடு வந்து ரீகன் பெயரைச் சொல்லி ஆட ஆரம்பித்துவிட்டார்கள், சத்தம் உள்ளே வரை கேட்டது.

"சார், ரீகன எறக்காதீங்க. அவன் வலது முட்டி போயிருக்கு. ஜூலை பதினாலு, எங்க ஏரியா மேட்ச்ல. நான்தான் வம்பு பண்ணி ஆட வெச்சேன். நான்தான் பின்னாலருந்து ஒதச்சேன். வேணும்னு ஒதச்சேன், சார்."

பெஞ்சமின் சார் ரீகனைத் திரும்பிப் பார்த்தார்.

"யாருப்பா இவரு?"

ரீகன் சாக்ஸை முட்டிவரை இழுத்து மடித்துவிட்டு நிமிர்ந்தான். முகத்தில் ஒன்றுமே இல்லை. "தெரியல சார். போர்டு ஒட்ட வந்தவருன்னு நெனைக்கிறேன்."

"முட்டியில ஏதாவது இருக்கா?"

"சூப்பரா இருக்கு சார்."

இரண்டு காவலாளிகள் வந்து என் கையைப் பிடித்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். தாமோதரன் சாருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பெயரைக் கேட்டதும் பெஞ்சமின் சார் ஒரு நிமிடம் யோசித்தார். போன் போடவில்லை. பட்டியலைப் பெஞ்சில் வைத்துவிட்டு, காவலாளிகளைப் பொறுக்கச் சொன்னார்.

"ரீகன், எழுந்திரு. இடது கால தூக்கு. வலது கால்ல மட்டும் முழுசா உக்காந்து எந்திரி. ஒரே தடவ."

அவன் எழுந்தான். ஷூ ஆணிகள் சிமெண்டுத் தரையில் கீச்சிட்டன. கைகளை முன்னால் நீட்டி, இடது காலைத் தூக்கி, மெதுவாக இறங்கினான். கால்வாசி இறங்கும்வரை நன்றாகத்தான் போனான். எனக்கே ஒரு நொடி, எழுந்துவிடுவான், நான்தான் பைத்தியக்காரன் என்று தோன்றியது. அப்படியே ஆகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். பாதியில் முட்டி உள்பக்கமாக நடுங்கியது. அவன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இறங்கினான். நெற்றி முழுக்க வியர்வை. அடுத்த நொடி முட்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போக, அவன் பக்கவாட்டில் தரையில் விழுந்தான்.

நான் காவலாளிகளிடமிருந்து கையை உருவிக்கொண்டு ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன்.

"தொடாதண்ணா," என்றான் ரீகன்.

அதற்குப் பிறகு பெஞ்சமின் சாருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.